சிலோன் பேக்பேக்கிங்: எவ்ளோ துட்டு ஆகும், எங்க கரையும்? அடிக்கடி கேக்குற கேள்விங்க

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர்னு நம்ம வடசென்னை பசங்க பொண்ணுங்க எல்லாம் இப்ப பையை மாட்டிகினு சிலோன் போலாமானு கேட்டுகினே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி முடியல, அதனால மொத்தமா ஒரே எடத்துல போட்டுட்டேன். வெலை எல்லாம் தோராயம்தான், அங்க போற நேரத்துல அஞ்சு பத்து பர்சன்ட் ஏறி இருந்தா என்னைய திட்டாதீங்க.

மொதல்ல ஒரே கேள்வி, மொத்தமா எவ்ளோ வேணும்?

பத்து நாளுக்கு, ரெண்டு பேரு ரூம் ஷேர் பண்ணிகினா, ஒரு ஆளுக்கு 45,000 இந்திய ரூபா வெச்சுக்கோங்க. ஃப்ளைட்டு போக வர 15,000 கிட்ட (சீசன்ல 20,000 வரைக்கும் போவும்), விசாவுக்கு ஒரு 1,800, அங்க தெனமும் சாப்பாடு ரூம் பஸ்ஸு எல்லாம் சேத்து 2,000, அப்போ அது 20,000, டிக்கெட் வாங்கி பாக்குற எடங்க, ஒரு ஜீப் சஃபாரி இதுக்கெல்லாம் 5,000, இன்சூரன்ஸ், சிம்மு, சில்லறைக்கு 1,500. கூட்டிப் பாத்தா 43,300 வரும், மிச்சம் ஏர்போர்ட் போக வர ஆவும். இது தவிர ஒரு 5,000 தொடாம தனியா வெச்சுக்கணும், ஒடம்பு சரியில்லாம போனா, ட்ரெயின் கேன்சல் ஆனா, அதுக்கு.

ஆனா ஒண்ணு, இந்த கணக்கு நாளு கணக்குல பாத்தா தப்பாயிடும். சிலோன்ல துட்டு சாப்பாட்டுல கரையாது, ஊரு மாத்துறதுல கரையும். பத்து நாளுல எட்டு ஊரு போட்டுகினு ஒருத்தன் போனான்னா, ஒவ்வொரு எடம் மாறும்போதும் பஸ் ஸ்டாண்டுல இருந்து ரூமுக்கு ஆட்டோ, லேட்டாச்சுனு டாக்ஸி, பசியில கண்ணுல பட்ட கடையில சாப்பாடு, ஒரு நாள் வாடகைனு அதிக ரேட்டு, எல்லாம் வரும். அதே பத்து நாளு நாலே ஊருல தங்குனா ரூம்காரங்ககிட்ட மூணு நாளுக்கு சேத்து பேசலாம், எந்த கடை நல்லா இருக்குனு தெரிஞ்சிடும், நடந்தே சுத்தலாம். பட்ஜெட்டுன்னு எழுத ஒக்காந்தா மொதல்ல ஊரு லிஸ்ட்டுல பாதிய அடிங்க.

விசா ஃப்ரீயா, காசா? ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்களே.

ஏன்னா அது மாறிகினே இருக்கு. ஈடிஏனு ஒரு ட்ராவல் பெர்மிட்டு, ஆன்லைன்ல அப்ளை பண்ணணும், சார்க் நாட்டுக்காரங்களுக்கு (இந்தியா, இலங்கை எல்லாம் இருக்கற தெற்காசிய கூட்டம்) 30 நாளுக்கு 20 டாலர்னு இருந்துச்சு, நடுவுல 2023 கடைசில இந்தியாக்காரங்களுக்கு ஃப்ரீனு அறிவிச்சாங்க, அப்பறம் மறுபடி மாத்துனாங்க. கெளம்புறதுக்கு முன்னாடி அவங்க கவர்மென்ட் சைட்டுல பாத்துக்கோங்க, ஈடிஏ டாட் ஜிஓவி டாட் எல்கே. கூகுள்ல தேடுனா மொதல்ல வர்றது பாதி ஏஜென்ட் சைட்டுங்கதான், அதே ஃபார்முக்கு டபுள் காசு கேப்பான். பட்ஜெட்ல ஒரு 1,800 போட்டு வெச்சுக்கோங்க, ஃப்ரீயா இருந்தா அது கொத்து ரொட்டிக்கு ஆச்சு.

என் பாஸ்போர்ட்ல ஈசிஆர்னு போட்டிருக்கு, வுடுவாங்களா?

பத்தாவது முடிக்காத நெறைய பேருக்கு இந்த பயம் இருக்கு. ஈசிஆர்னா கவர்மென்ட் செக் பண்ணி அனுப்பணும்னு போடுற முத்திரை, அது ஒரு பதினெட்டு நாட்டுக்கு வேலைக்குப் போறவங்களுக்குத்தான், சவுதி, குவைத், மலேசியா அந்த மாதிரி. இலங்கை அந்த லிஸ்ட்லயே இல்ல, நீங்க போறதும் வேலைக்கு இல்ல. ரிட்டர்ன் டிக்கெட், மொதல் ரெண்டு நாளு ரூம் புக்கிங், கையில காசு இருக்குனு காட்ட ஏதாவது, இது மூணையும் ப்ரிண்ட் எடுத்து வெச்சுக்கோங்க, ஃபோன் சார்ஜ் இல்லாம கவுன்டர்ல நிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டு இன்னும் ஆறு மாசமாவது வேலிடா இருக்கணும். இனிமேதான் பாஸ்போர்ட்டே எடுக்கணும்னா நார்மல் 1,500, தட்கல்னா மேல 2,000, அதையும் கணக்குல சேத்துக்கோங்க.

கொழும்புக்கு ஃப்ளைட்டா, யாழ்ப்பாணத்துக்கா, இல்ல நாகப்பட்டினம் கப்பலா?

கப்பல்னு கேட்டாலே ஒரு கிக்குதான், நான் இல்லனு சொல்லல. 2023 அக்டோபர்ல நாகப்பட்டினம் – காங்கேசன்துறை (யாழ்ப்பாணம் பக்கத்துல) ஓட ஆரம்பிச்சு நின்னுபோச்சு, 2024 ஆகஸ்ட்ல சிவகங்கைனு இன்னொரு கப்பல் வந்துச்சு. கடல்ல நாலு மணி நேரம் கிட்ட. சீட்டு வெலைய மட்டும் பாத்துட்டு ஃப்ளைட்ட விட சீப்புனு நெனைக்காதீங்க, எக்மோர்ல இருந்து காரைக்கால் எக்ஸ்பிரஸ்ல நைட்டு போவணும், நாகையில டீ டிபன், காத்து கடல் சரியில்லன்னா அன்னைக்கு கப்பல் இல்ல, மழை சீசன்ல மாசக்கணக்குல நிறுத்திடுவாங்க. அந்த ஒரு நாள் நாகப்பட்டினத்துல ரூம் எடுத்தா மிச்சம் புடிச்சது போச்சு. டைம் நெறைய இருக்கறவங்களுக்கு ஓகே.

என் ஓட்டு என்னன்னா, சென்னைல இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு வழி ஃப்ளைட்டு, திரும்ப கொழும்புல இருந்து சென்னை. யாழ்ப்பாணம் ஃப்ளைட்டு சின்ன ப்ரொப்பெல்லர் ப்ளேனு, ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, பலாலியில எறங்கும். வடக்குல இருந்து தெக்கால எறங்கிகினே வந்தா போன வழியிலயே திரும்பி வர ஒரு நாளும் அந்த பஸ் காசும் மிச்சம். ரெண்டு ஒன்வே சேத்தா கொழும்பு ரிட்டர்ன விட ஆயிரம் ரெண்டாயிரம் அதிகமா காட்டலாம், பரவால்ல, அந்தக் காசு அங்க மிச்சமாயிடும்.

நம்ம ஏர்போர்ட்டுக்கு போறதுக்கு விம்கோ நகர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எங்க ஏறினாலும் மெட்ரோ நேரா ஏர்போர்ட்டுதான், வண்டி மாற வேணாம், 50 ரூபாக்கு மேல போவாது. ஆனா விடிகாலை ஃப்ளைட்டுன்னா அந்த நேரத்துல மெட்ரோ கெடையாது, நைட்டு ரெண்டு மணிக்கு திருவொற்றியூர்ல இருந்து கேப் எவ்ளோ கேப்பான்னு தெரியும் இல்ல. டிக்கெட்ல 400 ரூபா கம்மினு விடிகாலை ஃப்ளைட்ட புடிக்கறவங்க இத யோசிக்கறதே இல்ல.

துட்ட எப்படி எடுத்துகினு போறது? ஜிபே வேலை செய்யுமா?

2024 பிப்ரவரில யுபிஐ அங்க ஆரம்பிச்சு வெச்சாங்க, பெரிய கடைங்க சிலதுல ஸ்கேன் பண்ணலாம். ஆனா பஸ் கண்டக்டரு, டீக்கடை, கெஸ்ட் ஹவுஸ் அக்கா, யாரும் அத எதிர்பாக்க மாட்டாங்க. கேஷ்தான் ராஜா.

இங்க சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் லைசென்ஸ் இருக்கற மணி சேஞ்சர்கிட்ட டாலரா வாங்குங்க, பில்லோட. இலங்கை ரூபாயா இங்கயே வாங்காதீங்க, ரேட்டு ஒதைக்கும். மாத்துறதுக்கு ஜிஎஸ்டி குறைஞ்சது 45 ரூபா போடுவான், அதனால மூணு தடவையா பிச்சு பிச்சு மாத்தாம ஒரே தடவையா மாத்துங்க. டாலர் நோட்டு புதுசா, மடிப்பு கிழிசல் இல்லாம கேட்டு வாங்குங்க. கட்டுநாயக்கல இருக்கற கொழும்பு ஏர்போர்ட்ல வெளிய வர எடத்துல பேங்க் கவுன்டருங்க வரிசையா இருக்கும், ரேட்டு மோசம் இல்ல, ரெண்டு மூணு போர்ட பாத்துட்டு மாத்திக்கோங்க, ரசீதை மட்டும் தூக்கிப் போடாதீங்க, திரும்பும்போது மிச்சத்த மாத்த அது கேப்பாங்க. யாழ்ப்பாணம் வழியா போறவங்க மொதல் நாளு டவுன் பேங்க் தெறந்திருக்கற நேரமா பாத்து எறங்குங்க.

ஏடிஎம் கார்டு அவசரத்துக்கு. நம்ம பேங்கும் புடிப்பான், சில ஏடிஎம்ல அங்கயும் புடிப்பான், அதனால எடுத்தா மொத்தமா எடுக்கணும். 5,000 ரூபா நோட்டாதான் வரும், அத ஆட்டோகாரர்கிட்ட நீட்டினா சேஞ்ச் இல்லம்பார், சூப்பர் மார்க்கெட்ல ஒரு தண்ணி பாட்டில் வாங்கி ஒடைச்சிக்கோங்க.

அங்க 1,500 ரூபானு சொன்னா தலை சுத்துதே, எப்படி டக்குனு கணக்கு போடுறது?

நம்ம ஒரு ரூபாக்கு அவங்க மூணு ரூபா நாப்பது பைசா கிட்ட. பத்தால வகுத்து மூணால பெருக்குங்க, 1,500ன்னா 150, மூணால பெருக்கினா 450 ரூபா, அவ்ளோதான். 2022ல அவங்க பொருளாதாரம் விழுந்தப்ப டாலர் 200ல இருந்து 360 வரைக்கும் எகிறுச்சு, அப்ப போனவங்க எல்லாமே சீப்புன்னாங்க, இப்ப டாலர் 300 சில்லறையில நிக்குது, வெலைவாசி மட்டும் எறங்கல. அதனால அந்த வருஷத்து வீடியோவ பாத்துட்டு பட்ஜெட் போடாதீங்க.

சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்ளோ?

2,000 இலங்கை ரூபா இருந்தா நல்லாவே சாப்பிடலாம். காலைல இடியாப்பம், சொதி (தேங்காப் பால் கொழம்பு), தேங்காய் சம்பல். மதியம் சோறும் கறியும், சின்ன கடையில 500ல இருந்து 800, சோறு திரும்ப போடுவாங்க, பருப்பு, ரெண்டு காய், மீன் கொழம்பு எல்லாம் வரும். ராத்திரி கொத்து 1,000 கிட்ட, ஒரு ப்ளேட்டு ரெண்டு பேரு சாப்பிடற சைஸு, ரெண்டு ப்ளேட்டு சொல்லிட்டு மிச்சம் வெக்காதீங்க.

டீக்கடையில ஒண்ணு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ஒக்காந்த ஒடனே கேக்காமலே ஒரு ப்ளேட்டு நெறைய ரோல்ஸு, பேட்டீஸு, பருப்பு வடை, மீன் பனிஸுனு அடுக்கி கொண்டாந்து நடுவுல வெச்சுடுவாங்க. நம்ம ஆளுங்க பயந்து போய் நாங்க ஆர்டர் பண்ணலியேனு எழுந்துடறாங்க. எழ வேணாம். எத்தன எடுத்தீங்களோ அதுக்கு மட்டும்தான் காசு, டீ குடிச்சு முடிச்சதும் ஆளு வந்து ப்ளேட்டுல மிச்சம் இருக்கறத ஒரு பார்வை பாத்து மனசுலயே கழிச்சு பில்லு சொல்லுவாரு, தப்பே வராது. ரெண்டு ரோல்ஸு ஒரு ப்ளெயின் டீ, 300 ரூபாக்குள்ள பசி அடங்கிடும். பஸ்ஸுக்கு வெயிட் பண்றப்ப இதுதான் நமக்கு.

டூரிஸ்ட் ரெஸ்டாரன்ட்ல மெனு வெலைக்கு மேல 10 பர்சன்ட் சர்வீஸ் சார்ஜு, வரினு வரும், எல்ல, மிரிஸ்ஸ மாதிரி டூரிஸ்ட் ஊருல ஒரு டின்னர்ல ரெண்டு நாள் சாப்பாட்டு காசு போயிடும். காலைலயும் சாயந்திரமும் தெருவுல ஒரு ஆட்டோ பியானோ ட்யூன் போட்டுகினு வரும், அது பேக்கரி வண்டி, பன்னு சூடா இருக்கும், கைய காட்டுங்க.

ரூம் ரேட்டு?

ஹாஸ்டல் டார்ம்ல பெட்டு 2,000ல இருந்து 4,000 இலங்கை ரூபா. ரெண்டு பேருன்னா கெஸ்ட் ஹவுஸ்ல ரூமே 4,000 – 6,000க்கு கெடைக்கும், அப்போ டார்முக்கு எதுக்கு போவணும்? ஆப்ல மொதல் ராத்திரி மட்டும் புக் பண்ணிட்டு, புடிச்சிருந்தா மிச்ச நாளுக்கு அவங்ககிட்டயே நேரா பேசுங்க, கமிஷன் இல்லாததால கொறைப்பாங்க. கொழும்புல கோட்டை பக்கம் வேணாம், வெள்ளவத்தை பாருங்க, தமிழ் ஆளுங்க ஏரியா, சாப்பாடு சீப்பு, கடல் பக்கத்துலயே ரயில் ஓடும். ஏசி வேணுமானு கேப்பாங்க, ஏசிக்கு தனி ரேட்டு, மலை ஊருல அது தேவையே இல்ல. நல்லூர் கந்தசாமி கோயில் திருவிழா நடக்குற 25 நாளும் (ஆகஸ்ட் வாக்குல) யாழ்ப்பாணத்துல ரூம் கெடைக்கறதே கஷ்டம், திருவிழா பாக்கணும்னா இப்பவே சொல்லி வெச்சுடுங்க.

பஸ்ஸா ட்ரெயினா? அந்த எல்ல ட்ரெயின் டிக்கெட் கெடைக்குமா?

பஸ்ஸுதான் முதுகெலும்பு. செவப்பு கலரு கவர்மென்ட் பஸ்ஸு, அப்பறம் ப்ரைவேட்டு, ரெண்டும் சீப்பு, நூறு கிலோமீட்டருக்கே சில நூறு ரூபாதான். பெரிய பையோட ஏறினா சீட்டுக்கு சேத்து காசு கேப்பாங்க சில நேரம், அதனால 40 லிட்டருக்கு மேல பை வேணாம், மடியில வெச்சுக்கலாம். கட்டுநாயக்கல இருந்து கொழும்பு கோட்டைக்கு 187 நம்பர் பஸ்ஸு இருக்கு, டாக்ஸிய விட எத்தனையோ மடங்கு கம்மி.

கண்டி – எல்ல ட்ரெயினு எல்லாருக்கும் வேணும், அதான் பிரச்சனை. ரிசர்வேஷன் ஒரு மாசம் முன்னாடி தெறக்கும், தெறந்த வேகத்துல காலி, அப்பறம் ஏஜென்ட்டுங்க பல மடங்கு வெலைக்கு விப்பாங்க. அத வாங்காதீங்க. அன்னன்னைக்கு கவுன்டர்ல ரிசர்வ் இல்லாத செகண்ட் கிளாஸ், தேர்ட் கிளாஸ் டிக்கெட் சில நூறு ரூபாக்கு தராங்க, சீட்டு உத்தரவாதம் இல்ல, பீக் அவர்ல பேசின் பிரிட்ஜ்ல தொங்கிகினு போன ஆளுங்களுக்கு இது ஒரு மேட்டரா? நடுவுல வர்ற நானு ஓயா ஸ்டேஷன்ல நெறைய பேரு எறங்குவாங்க, அங்க சீட்டு கெடைக்கும், நல்ல சீனரியும் அப்பறம்தான். ஆனா 2025 நவம்பர் கடைசில வந்த டித்வா புயல்ல மலையக ரயில் பாதை பல எடத்துல அடி வாங்கிச்சு, அதனால எந்த செக்‌ஷன் ஓடுதுனு விசாரிச்சுட்டு ப்ளான் பண்ணுங்க, இல்லன்னா பஸ்ஸு இருக்கவே இருக்கு.

ஆட்டோக்கு பிக்மீ ஆப் போட்டுக்கோங்க. ஆப் இல்லாத ஊருல ஏறும் முன்னாடியே ரேட்டு பேசிடுங்க, ஆனா யாழ்ப்பாணத்துல போயி நம்ம ஏரியா மாதிரி "இன்னா நைனா, எவ்ளோ சொல்ற"னு ஆரம்பிச்சா மூஞ்சி சுருங்கிடும், "அண்ணை, எவ்வளவு எடுப்பீங்கள்"னு கேளுங்க, அதுலயே நூறு ரூபா கொறையும்.

டிக்கெட் வாங்கி பாக்குற எடங்க எது வொர்த்து, எது வேஸ்ட்டு?

சிகிரியா வெளிநாட்டுக்காரங்களுக்கு 30 டாலருக்கு மேல. நமக்கு சார்க் ரேட்டு இருக்கு, கம்மிதான், ஆனா பாஸ்போர்ட் ஒரிஜினல் காட்டணும், ரூம்ல வெச்சுட்டு போனீங்கன்னா முழு ரேட்டு. இந்த சார்க் ரேட்டு நெறைய எடத்துல இருக்கு, அவங்களா சொல்ல மாட்டாங்க, நீங்கதான் கேக்கணும். அஞ்சாம் நூற்றாண்டுல காசியப்பன் கட்டுன கோட்டை, ஓவியம் எல்லாம் இருக்கு, வரலாறு புடிக்கும்னா கண்ண மூடிகினு கொடுங்க. சொம்மா மேல நின்னு போட்டோ எடுக்கணும்னா எதிர்ல பிதுரங்கலானு ஒரு பாறை, ஆயிரம் இலங்கை ரூபா கிட்டதான், அங்க இருந்து பாத்தா சிகிரியாவே ஃப்ரேம்ல வரும். கடைசி கொஞ்சம் தூரம் பாறைய புடிச்சு ஏறணும், செருப்பு போட்டுகினு போவாதீங்க.

சஃபாரி ஒண்ணு போதும், ஜீப்ப தனியா எடுத்தா பட்ஜெட் காலி, ஹாஸ்டல்ல சொல்லி வெச்சு ஆறு பேரா சேந்து போங்க. ஜீப் வாடகை வேற, பார்க் டிக்கெட் வேற, ரெண்டையும் சேத்து எவ்ளோனு கேட்டுட்டு தலைய ஆட்டுங்க.

காசே இல்லாத எடங்கதான் என்னைய கேட்டா சூப்பரு. சிவனொளிபாத மலை, 2,243 மீட்டர், டிசம்பர் பௌர்ணமில இருந்து மே மாசம் வெசாக்குங்கற புத்தர் பண்டிகை வரைக்கும் சீசன், அப்ப படி முழுக்க லைட்டு, டீக்கடை இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஏற ஆரம்பிச்சா சூரியன் வரும்போது உச்சில இருப்பீங்க, பைசா டிக்கெட் கெடையாது, மேல போகப் போக டீ வெலையும் ஏறும், அவ்ளோதான். ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, வடசென்னை ஒடம்பு அந்தக் குளிரு தாங்காது. எல்லயில ஒன்பது வளைவு பாலம், காலிங்கற ஊருல கோட்டை மதில் மேல நடக்கறது, திருக்கோணமலையில கோணேஸ்வரம், கொழும்புல கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், எல்லாம் சும்மாதான். கோயில் விட்டு கொஞ்சம் நடந்தா புறக்கோட்டை மார்க்கெட்டு, நம்ம சௌகார்பேட்டைய கடல் பக்கம் கொண்டு போய் வெச்ச மாதிரி, பாக்கறதுக்கு காசு இல்ல, வாங்க ஆரம்பிச்சா நான் பொறுப்பு இல்ல.

எந்த மாசம் போனா சீப்பு?

மே, ஜூன் லீவுல போறீங்களா, அப்ப தென்மேற்கு மழை, காலி, மிரிஸ்ஸ, கொழும்பு பக்கம் நனையும், கெழக்கால வடக்கால போங்க, திருக்கோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், அங்க அப்ப நல்ல வெயிலு. டிசம்பர் – மார்ச்சுன்னா உல்டா, தெக்கும் மலையும் சூப்பரு, ஆனா அதுதான் வெள்ளைக்காரங்க சீசனு, ரூம் ரேட்டு உச்சம். பட்ஜெட்டுக்கு ஏப்ரல் கடைசி, செப்டம்பர் ரெண்டும் நல்லா இருக்கும். சித்திரை புத்தாண்டு அன்னைக்கும் அத சுத்தியும் கடை பாதி மூடி, பஸ்ஸுல நிக்க எடம் இருக்காது, அந்த வாரம் வேணாம். பௌர்ணமிக்கு அங்க லீவு, சரக்கு எங்கயும் விக்க மாட்டாங்க, பட்ஜெட்டுக்கு அது நல்லதுதான்.

நாங்க ரெண்டு பொண்ணுங்க போறோம், இதே பட்ஜெட் போதுமா?

ஒரு 6,000 இந்திய ரூபா சேத்து வெச்சுக்கோங்க. நைட் பஸ் எடுத்து ரூம் காசு மிச்சம் புடிக்கறதுனு பசங்க சொல்ற ஐடியா உங்களுக்கு வேணாம், பகல்லயே ட்ராவல் பண்ணுங்க, இருட்டுன அப்பறம் நடக்காம ஆப்ல ஆட்டோ எடுங்க, ரூம் ரிவ்யூல பொண்ணுங்க எழுதினத மட்டும் படிங்க. குடும்பமா நடத்துற வீட்டு ரூம்னா அந்த அம்மாகிட்டயே சாப்பாடும் சொல்லிக்கலாம், வெளிய விட அதுதான் ருசி. பீச்சு ஊருங்கள்ல வந்து வந்து பேசுறவனுங்க இருப்பானுங்க, சிரிக்காம தாண்டிப் போயிடுங்க.

பர்மா பஜார்ல என்ன வாங்கிகினு போவணும்?

மூணு தடி பின்னு இருக்கற அடாப்டரு, அங்க நெறைய எடத்துல சதுர பின்னு ப்ளக்குதான். பவர் பேங்க், அத கையில எடுத்துகினு போற பைல வெக்கணும், செக்கின்ல போட்டா எடுத்துடுவாங்க. ரெயின் கவரு. சீக்கிரம் காயுற மாதிரி டீ ஷர்ட்டு எம்சி ரோட்டுல 200 ரூபாக்கு கெடைக்கும், பிராண்டு கடைக்கு போவாதீங்க. கொசு மருந்து கண்டிப்பா, டெங்கு அங்கயும் இருக்கு. சிம் அங்க போய் வாங்கிக்கலாம், நம்ம ரோமிங் பேக்க விட சீப்பு.

கடைசில மிச்சம் இருக்கற இலங்கை ரூபாய என்ன பண்றது?

இங்க எடுத்துகினு வராதீங்க, யாரும் ஒழுங்கா மாத்தித் தர மாட்டாங்க. ஏர்போர்ட்ல மாத்துன ரசீது இருந்தா அங்கயே டாலரா மாத்திக்கலாம். ரெண்டு மூணாயிரம்தான் இருக்குன்னா கெளம்புறதுக்கு முந்தின நாளே டவுன்ல சூப்பர் மார்க்கெட் போய் தேயிலை, பட்டை, கித்துள் வெல்லம் (பனை மாதிரி ஒரு மரத்து வெல்லம்), பிஸ்கெட்டுனு வாங்கிடுங்க, டூட்டி ஃப்ரீல அதே டீ பாக்கெட்டு டாலர்ல தொங்கிகினு இருக்கும். 187 பஸ்ஸுக்கும் ஒரு டீக்கும் மட்டும் சில்லறை தனியா எடுத்து வெச்சுக்கோங்க.